தைராய்டு புரதங்களும் செல்லின் வாசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தைராய்டு புரதம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது?" என்று கேட்கிறவர்கள் நிறைய. கேள்வி ஒன்றுதான், ஆனால் மனதில் வைத்திருக்கும் புரதம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சை நினைத்துக் கேட்பார். இன்னொருவர் பரிசோதனை ரிப்போர்ட்டில் பார்த்த தைரோகுளோபுலினை. மூன்றாமவர் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 இரண்டையும் புரதம் என்றே எண்ணிக் கேட்பார். யார் வாசலோடு நிற்கிறார், யார் உள்ளே போகிறார், யார் வெளியே போய்த் திரும்பி வருகிறார் என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டி3, டி4 புரதம் இல்லையா?

இல்லை. டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டைச் சேர்த்து, அதன் மேல் அயோடின் அணுக்களை ஒட்டினால் கிடைப்பதுதான் இந்த ஹார்மோன். நான்கு அயோடின் இருந்தால் டி4, மூன்று இருந்தால் டி3. டி4இன் மூலக்கூறு எடை 777 டால்டன். அதைத் தயாரிக்க உடல் பயன்படுத்தும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் எடையோ சுமார் 6,60,000 டால்டன். ஒன்று கூழாங்கல் என்றால் மற்றது பாறை.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. இன்சுலின் ஒரு புரதம், விழுங்கினால் வயிற்றில் செரித்துவிடும், அதனால்தான் ஊசி. தைராக்சின், அதாவது டி4, மாத்திரையை வாயால் விழுங்கியே காலம் தள்ள முடிவதற்குக் காரணம், அது செரித்துப்போகும் அளவுக்குப் பெரிய மூலக்கூறு இல்லை என்பதுதான்.

எட்வர்ட் கெண்டல் என்ற அமெரிக்க வேதியியலாளர் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1914 கிறிஸ்துமஸ் அன்று. அதன் சரியான அமைப்பை இங்கிலாந்தில் சார்லஸ் ஹாரிங்டன் 1926இல் கண்டுபிடித்தார். டி3 வெளிச்சத்துக்கு வர 1952 ஆயிற்று. ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் இருவரும் கண்டுபிடித்தது அது.

அப்படியானால் "தைராய்டு புரதம்" என்று எதைச் சொல்வது?

குறைந்தது ஐந்து வகையைச் சொல்லலாம். சுரப்பிக்கு உத்தரவு கொண்டுவரும் டிஎஸ்எச். சுரப்பிக்குள் ஹார்மோனைச் சுமந்து நிற்கும் தைரோகுளோபுலின். ரத்தத்தில் ஹார்மோனைத் தூக்கிச் செல்லும் மூன்று புரதங்கள். செல் சவ்வில் வழிவிடும் கடத்திப் புரதங்கள். கடைசியில், செல்லின் கருவுக்குள் ஹார்மோனுக்காகக் காத்திருக்கும் ஏற்பிகள். இவற்றில் வெளியிலிருந்து ஒரு செல்லுக்குள் மொத்தமாக இழுத்துக்கொள்ளப்படும் பெரிய புரதம் என்றால் அது தைரோகுளோபுலின். அதுவும் தன்னைச் செய்த அதே வகைச் செல்லுக்குள்தான்.

டிஎஸ்எச் செல்லோடு எப்படி ஒட்டுகிறது?

டிஎஸ்எச் மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு துண்டுகள் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும். ஆல்ஃபா துண்டு இதற்கு மட்டும் உரியதல்ல, எல்எச், எஃப்எஸ்எச், கர்ப்ப காலத்து எச்சிஜி ஆகிய மற்ற ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் அதே துண்டுதான். ஆளை அடையாளம் காட்டுவது பீட்டா.

தைராய்டு செல்லின் வெளிப்பரப்பில் இதற்கான ஏற்பி இருக்கிறது. 764 அமினோ அமிலங்கள். சவ்வை ஏழு முறை குறுக்கே தைத்தது போன்ற ஓர் அடிப்பகுதி, அதன் மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அரிவாள் போல் வளைந்த பெரிய தலை. அந்த வளைவின் உட்புறத்தில் டிஎஸ்எச் வந்து உட்காரும்.

சரி, உட்கார்ந்தால் என்ன? பாடப் புத்தகங்கள் பூட்டு, சாவி என்று சொல்லி நகர்ந்துவிடும். நடப்பது அதைவிட முரட்டுத்தனமான சங்கதி. 2022இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக இந்த ஏற்பியைப் படம்பிடித்தபோது, சும்மா இருக்கும் ஏற்பியின் தலை சவ்வின் பக்கம் சாய்ந்து படுத்தாற்போல் இருப்பது தெரிந்தது. டிஎஸ்எச் வந்து ஒட்டினால் அந்தப் படுத்த நிலையில் அதற்கு இடம் போதாது, அதன் உடம்பு சவ்வில் இடிக்கும். வேறு வழியில்லாமல் தலை நிமிர்ந்து எழும். அந்த நிமிர்வு கீழே உள்ள ஏழு தண்டுகளைத் திருகி, சவ்வின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜி புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. சுழல் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு செல்லுக்குள் பெருகுகிறது. அயோடினை இழு, புரதம் செய், ஹார்மோனை வெளியே விடு என்ற உத்தரவு அதன் வழியே பரவுகிறது.

ஆக, டிஎஸ்எச் உள்ளே போவதே இல்லையா?

செய்தி சொல்ல அது உள்ளே போகத் தேவையில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஏற்பியையும் டிஎஸ்எச்சையும் சேர்த்துச் செல் உள்ளிழுத்துக்கொள்கிறது. உத்தரவு முடிந்தது, ஏற்பியைக் கழற்றி வைக்கிறார்கள் என்றுதான் இதற்கு நெடுநாள் பொருள் கொண்டார்கள். 2009இல் எலியின் தைராய்டுத் திசுவில் வேறு மாதிரி தெரிந்தது. உள்ளே போன பிறகும் அந்த ஜோடி சுழல் ஏஎம்பியை உண்டாக்கிக்கொண்டே இருந்தது. வாசலில் தொடங்கிய பேச்சு வீட்டுக்குள்ளும் தொடர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் இதே இடத்தில்தான் கோளாறா?

ஆமாம். உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாக உண்டாக்கும் ஓர் எதிர்ப்புரதம் அதே ஏற்பியின் தலையில் ஒட்டுகிறது. டிஎஸ்எச்சைப் போலவே அதுவும் தலையை நிமிர வைத்துவிடுகிறது. வித்தியாசம் என்னவென்றால், ஹார்மோன் போதும் போதும் என்றாகும்போது பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் குறைத்துவிடும். எதிர்ப்புரதத்துக்கு அப்படிக் கடிவாளம் போட யாரும் இல்லை. அதனால்தான் இந்த நோயில் டி4 ஏறிக்கிடக்க, டிஎஸ்எச் தரைமட்டத்தில் இருக்கும். இதே ஏற்பியில் ஒட்டி, தலையை நிமிரவிடாமல் தடுக்கும் எதிர்ப்புரதங்களும் உண்டு. அவை இருந்தால் விளைவு தலைகீழ், சுரப்பி தூங்கிவிடும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் டிஎஸ்எச் கொஞ்சம் இறங்குவதும் இந்த ஏற்பியின் கதைதான். எச்சிஜி உருவத்தில் டிஎஸ்எச்சின் உறவுக்காரர் என்பதால், அளவு மிகும்போது லேசாக இந்த ஏற்பியையும் தூண்டிவிடுகிறது.

அயோடின் உள்ளே வருவது எப்படி?

சோடியத்தின் தோளில் ஏறித்தான். செல் சவ்வில் உள்ள என்ஐஎஸ் என்ற கடத்தி, இரண்டு சோடியம் அயனிகளோடு ஓர் அயோடைடைச் சேர்த்து உள்ளே தள்ளுகிறது. இதன் மரபணு 1996இல் பிடிபட்டது. ரத்தத்தில் இருப்பதைப் போல் 20 முதல் 40 மடங்கு அயோடைடைத் தைராய்டு செல் சேர்த்து வைக்க முடிவது இதனால்தான். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும்போது அது தேடிப் போய்ச் சேருவதும் இதே வாசல் வழியாக.

தைரோகுளோபுலின் வெளியே போய்விட்டு ஏன் திரும்ப உள்ளே வருகிறது?

தைராய்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

தைராய்டு செல்கள் தனித்தனியாக இருப்பதில்லை. பந்து போல் வளையமிட்டு நிற்கின்றன. நடுவில் உள்ள குழியில் கெட்டியான கூழ். அந்தக் கூழில் பெரும்பகுதி தைரோகுளோபுலின்தான். செல் தன் உள்ளே இந்தப் புரதத்தைச் செய்து, மடித்து, சர்க்கரைக் கிளைகள் ஒட்டி, நடுக்குழிக்குள் தள்ளுகிறது. குழியின் ஓரத்தில், செல் சவ்வை ஒட்டியபடியே, தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி இந்தப் புரதத்தின் டைரோசின்கள் மேல் அயோடினைப் பதிக்கிறது.

புரதம் இரட்டையாக இருக்கும். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 130 டைரோசின்கள். அயோடின் ஏறுவது அவற்றில் சிலவற்றில்தான், அதிலும் ஹார்மோனாக மாறுவது விரல்விட்டு எண்ணக்கூடியவை. சராசரியாக ஒரு பெரிய மூலக்கூறுக்கு இரண்டு மூன்று டி4 கிடைத்தாலே அதிகம். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி அதில் இரண்டு செங்கல்லை மட்டும் உருவி எடுப்பது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் ஒரு டைரோசின் தன் வளையத்தை அறுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டும் என்றால், இரண்டும் சரியான தூரத்தில், சரியான கோணத்தில் எதிரெதிரே நிற்க வேண்டும். அந்த நிறுத்தலுக்குத்தான் இந்த மாபெரும் மடிப்பு. மனிதத் தைரோகுளோபுலினின் முழு வடிவம் 2020இல் வெளியானபோது, ஹார்மோன் உருவாகும் இடங்கள் எல்லாம் இப்படி நெருங்கி, ஆடுவதற்கு இடம் உள்ள, வெளிப்பரப்பில் தெரியும் இடங்களாகவே இருந்தன.

இப்படி அயோடின் ஏற்றிய புரதம் இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையான ஹார்மோனைக் கட்டிவைத்தபடி குழியில் கிடக்கிறது. வேறு எந்த நாளமில்லாச் சுரப்பியும் இவ்வளவு இருப்பை, அதுவும் செல்லுக்கு வெளியே, வைத்திருப்பதில்லை. தைராய்டு மருந்தோ நோயோ சுரப்பியின் உற்பத்தியை நிறுத்தினாலும் உடனே தெரியாமல் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதற்கு இந்த இருப்பும் ஒரு காரணம்.

டிஎஸ்எச் உத்தரவு வந்ததும், செல் தன் சவ்வைச் சிறு சிறு குமிழ்களாக உள்வாங்கி, கூழைத் துளித் துளியாகக் குடிக்கிறது. எலிக்கு அதிக அளவில் டிஎஸ்எச் செலுத்தினால், செல்கள் கை நீட்டுவது போல் சவ்வை நீட்டிப் பெரிய துளிகளை அள்ளுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். மனிதரில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் அந்தச் சிறு குமிழ் வழிதான். குமிழ்கள் லைசோசோம் என்ற, செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பையில் போய்ச் சேர்கின்றன. அங்கே கதெப்சின் வகை நொதிகள் புரதத்தை நறுக்கித் தள்ள, டி4உம் கொஞ்சம் டி3உம் விடுபடுகின்றன. ஹார்மோனாக மாறாத அயோடின் டைரோசின்களிலிருந்து அயோடினைக் கழற்றி மறுபடி பயன்படுத்த ஒரு தனி நொதி இருக்கிறது. அயோடின் கிடைப்பது அரிது என்பது உடலுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாத் தைரோகுளோபுலினும் லைசோசோமுக்குப் போகிறதா?

இல்லை. மெகாலின் என்ற பெரிய ஏற்பி குழிப்பக்கச் சவ்வில் இருக்கிறது. அதோடு ஒட்டி உள்ளே வரும் தைரோகுளோபுலினில் ஒரு பங்கு, நறுக்கப்படாமல் செல்லைக் குறுக்கே கடந்து மறுபக்கம் ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. உள்ளே போயும் வீட்டில் தங்காமல் கொல்லை வழியாக வெளியேறும் கதை.

ரத்தத்தில் தைரோகுளோபுலின் சிறிதளவு தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுக்க எடுத்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை செய்வது ஏன் என்பதும் இங்கே விளங்கும். வேறு எந்தச் செல்லும் இந்தப் புரதத்தைச் செய்வதில்லை. சுரப்பி இல்லாதவர் ரத்தத்தில் அது ஏறினால் தைராய்டு செல் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

ரத்தத்தில் ஹார்மோனைச் சுமப்பது யார்?

மூன்று பேர். டிபிஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தைராக்சின் பிணைப்பு குளோபுலின், ட்ரான்ஸ்தைரெட்டின், அல்புமின். டிபிஜி லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், ஆனால் டி4இல் முக்கால் பங்கை அதுவே பிடித்துக்கொள்கிறது. அல்புமின் லிட்டருக்கு 40 கிராம் இருந்தும் பிடி தளர்ச்சியானது. பிடித்ததை ஒரு விநாடிக்குள் விட்டுவிடும். ட்ரான்ஸ்தைரெட்டின் சில விநாடி வைத்திருக்கும். டிபிஜியின் கையிலிருந்து கழலப் பாதி டி4க்கு அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும்.

மூவரும் பிடித்தது போக, எந்தப் புரதத்தோடும் ஒட்டாமல் தனியாக மிதக்கும் டி4, ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒன்று. டி3இல் முந்நூறில் ஒன்று.

இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் செல்லுக்கு என்ன கிடைக்கும்? பிடிக்காமலே விட்டால் என்ன?

பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று செய்தே பார்த்திருக்கிறார்கள். 1987இல் வெளியான ஓர் ஆய்வு. எலியின் கல்லீரலுக்குள் கதிரியக்கம் ஏற்றிய டி4 கலந்த திரவத்தைச் செலுத்தினார்கள். திரவத்தில் புரதம் எதுவும் இல்லாதபோது, ரத்தம் நுழையும் பக்கத்தில் நின்ற முதல் வரிசைச் செல்களே கிட்டத்தட்ட மொத்த ஹார்மோனையும் உறிஞ்சிக்கொண்டன. பின்னால் நின்ற செல்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதே திரவத்தில் பிணைப்புப் புரதத்தைக் கலந்ததும், முன்வரிசை பின்வரிசை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாச் செல்லுக்கும் ஒரே சீராகப் போய்ச் சேர்ந்தது.

முன்வரிசைச் செல் தனியாக மிதக்கும் ஹார்மோனை எடுத்துக்கொண்டவுடன், சுமப்பவர்கள் தம் கையிலிருந்து கொஞ்சம் விடுவித்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். அதனால் குழாய் நெடுகத் தனி ஹார்மோனின் அளவு மாறாமல் இருக்கிறது. நீரில் சரியாகக் கரையாத, எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறைக் கடைசிச் செல் வரை பங்கு போட இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இன்னொரு பலனும் உண்டு. சுமப்பவர்கள் பிடித்திருப்பதால் சிறுநீரகம் வழியாக ஹார்மோன் வடிந்துபோவதில்லை. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் ஆகிறது, பிடி தளர்ந்த டி3க்கு ஒரு நாள். மாத்திரை அளவை மாற்றியபின் ஆறு வாரம் பொறுத்து டிஎஸ்எச் பார்க்கச் சொல்வது இந்த 7 நாள் கணக்கை வைத்துத்தான்.

சுமக்கும் புரதமும் சேர்ந்து செல்லுக்குள் போகுமா?

ஹார்மோன் நுழைவதற்கு அது தேவையில்லை. ஹார்மோனை வாசலில் இறக்கிவிட்டு அது ரத்தத்திலேயே போய்விடும். இதற்கு நல்ல சாட்சி, பிறவியிலேயே டிபிஜி இல்லாதவர்கள். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், குறையுள்ள ஆண்களுக்கு டிபிஜி அறவே இல்லாமல் போகலாம். ரிப்போர்ட்டில் மொத்த டி4 பயமுறுத்தும் அளவுக்குக் குறைவாக இருக்கும். ஆள் நலமாக இருப்பார், மருந்தும் வேண்டாம். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரை எழுதினால்தான் தொந்தரவு.

இதன் மறுபக்கம் கர்ப்ப காலம். ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் டிபிஜி கூடும், மொத்த டி4 ஒன்றரை மடங்கு வரை ஏறும். அதனால் மட்டும் தைராய்டு மிகைப்பு என்று சொல்லிவிட முடியாது. இந்த மாதிரிக் குழப்பத்தைத் தவிர்க்கவே எஃப்டி4, அதாவது தனியாக மிதக்கும் டி4, தனியே அளக்கப்படுகிறது.

ஹார்மோன் கொழுப்பில் கரையும் பொருள்தானே, சவ்வைத் தானாகக் கடந்துவிடாதா?

ரொம்ப நாள் அப்படித்தான் கற்பித்தார்கள். சில பாடங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. நம்பும்படியான ஊகம்தான்: வளையங்கள் கொழுப்பில் கரையும், ஆகவே கொழுப்புச் சவ்வில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மூலக்கூறின் மறுமுனையில் மின்னூட்டம் ஏறிய அமினோ அமிலப் பகுதி இருக்கிறது. அது சவ்வின் கொழுப்பு அடுக்கைக் கடக்க லேசில் சம்மதிக்காது.

2003இல் எம்சிடி8 என்ற புரதம் தைராய்டு ஹார்மோனைக் குறிப்பாகக் கடத்தும் கதவு என்று காட்டினார்கள். ஊகத்தை ஒரேயடியாகச் சாய்த்தது அடுத்த ஆண்டு. ஆலன், ஹெர்ண்டன், டட்லி மூவரும் 1944இல் ஒரு குடும்பத்தை விவரித்திருந்தார்கள். அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும் அறிவு வளர்ச்சிக் குறை, தசைத் தளர்ச்சி. காரணம் தெரியாமலே அறுபது ஆண்டு ஓடிவிட்டது. 2004இலும் அதையடுத்தும், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் எம்சிடி8 மரபணு பழுதாகியிருப்பது தெரியவந்தது.

இவர்களுடைய ரத்தப் பரிசோதனை விசித்திரமானது. டி3 அதிகம், டி4 குறைவு. சவ்வைத் தானாகக் கடக்க முடியும் என்றால் இவ்வளவு டி3 ரத்தத்தில் ஓடும்போது மூளை பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் கிடக்கிறது, ஏனென்றால் மூளைக்குள் போகும் முக்கியக் கதவு எம்சிடி8. கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கு வேறு கதவுகள் இருப்பதால் அங்கெல்லாம் ஹார்மோன் அளவுக்கு மீறிப் போய்ச் சேருகிறது. ஒரே குழந்தையின் உடலில் மூளைக்கு ஹார்மோன் பற்றாக்குறை. இதயம் படபடவென அடித்து, எடை ஏறாமல் இருப்பதோ ஹார்மோன் மிகையால்.

டி3ஐப் போலவே வேலை செய்யும், ஆனால் எம்சிடி8 கதவு தேவைப்படாத ட்ரையாக் என்ற மூலக்கூறு இதற்கு மருந்தாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025இல் அனுமதி கிடைத்தது. உடலில் ஏற்படும் மிகைத் தொந்தரவை அது தணிக்கிறது.

கதவு எம்சிடி8 ஒன்றுதானா?

இல்லை. எம்சிடி10 உண்டு. ஓஏடிபி1சி1 என்பது டி4ஐ மூளை ரத்தத் தடுப்பைத் தாண்டிக் கொண்டுபோக உதவுகிறது. அமினோ அமிலக் கடத்திகள் சிலவும் கை கொடுக்கும். எம்சிடி8 இருவழிக் கதவு என்பதையும் சொல்ல வேண்டும். தைராய்டு செல்லில் லைசோசோமிலிருந்து விடுபட்ட ஹார்மோன் ரத்தத்துக்குப் போக அது உதவுகிறது. உள்ளே வர ஒரு செல்லில், வெளியே போக இன்னொரு செல்லில்.

உள்ளே போன டி4 நேராகச் செல்லின் கருவுக்குப் போகுமா?

பெரும்பாலும் இல்லை. டி4 என்பது இருப்புச் சரக்கு. டையோடினேஸ் என்ற நொதி வெளி வளையத்தின் ஓர் அயோடினைக் கழற்றினால் டி3, வேலை செய்யும் ஹார்மோன். உள் வளையத்தில் கழற்றினால் ரிவர்ஸ் டி3, அது வேலைக்கு ஆகாது. ஆக ஒவ்வொரு திசுவும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ள முடிகிறது. உடலில் உண்டாகும் டி3இல் ஏறத்தாழ 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே இப்படி உருவாவதுதான். இந்த நொதிகளின் நடுவில் செலினியம் இருக்கிறது, அதனால்தான் தைராய்டுப் பேச்சில் செலினியத்தின் பெயர் அடிபடுகிறது.

கருவுக்குள் டி3 எதைப் பிடிக்கிறது?

இங்கே வழக்கமான கற்பனை தலைகீழாகிவிடும். ஏற்பி, ஹார்மோன் வரும்வரை எங்கோ சும்மா காத்திருக்கிறது என்று நினைப்போம். தைராய்டு ஏற்பியோ ஹார்மோன் வருவதற்கு முன்பே டிஎன்ஏ மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடியாக. சும்மாவும் உட்கார்வதில்லை. அடக்கும் புரதங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த மரபணுவை அமுக்கிப் பிடித்திருக்கும்.

டி3 வந்து ஏற்பியின் நடுவில் உள்ள பொந்துக்குள் இறங்கியதும், ஏற்பியின் கடைசிச் சுருள் மூடி போல் மடங்கி மூடிக்கொள்கிறது. அந்த அசைவில் அடக்கும் புரதங்கள் பிடி நழுவிப் போக, ஊக்கும் புரதங்களுக்கு இடம் கிடைக்கிறது. மரபணு விழிக்கிறது. டி4உம் இந்தப் பொந்தில் நுழையும், ஆனால் டி3இன் பிடி பத்து மடங்குக்கும் மேல் வலுவானது.

ஹார்மோன் இல்லாமல் அடக்கி வைக்கும் இந்த வேலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஓர் எலி ஆய்வு உண்டு, 2002இல் வெளியானது. பிறவியிலேயே தைராய்டு சரியாக உருவாகாத எலிக்குட்டிகள், ஹார்மோன் கொடுக்காவிட்டால் பால்குடி மறக்கும் வயதில் இறந்துவிடும். அதே எலிகளில் ஆல்ஃபா வகை ஏற்பியையும் நீக்கினார்கள். குட்டிகள் பிழைத்துக்கொண்டன. ஹார்மோன் இல்லாத குறையைவிட, ஹார்மோன் இல்லாத ஏற்பி அமுக்கிப் பிடித்ததே அவற்றைக் கொன்றிருக்கிறது.

இந்த ஏற்பிகளின் மரபணுக்கள் 1986இல் பிடிபட்டன. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு குடும்பங்கள். இதயத்திலும் எலும்பிலும் ஆல்ஃபாவின் ஆட்சி, கல்லீரலிலும் பிட்யூட்டரியிலும் பீட்டாவின் ஆட்சி.

எல்லா வேலையும் கரு வழியாகத்தான் நடக்கிறதா?

பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் செல்லின் வெளிப்பரப்பில் ஆல்ஃபா-வி பீட்டா-3 என்ற இன்டக்ரின் புரதத்தில் டி4 ஒட்டும் இடம் இருப்பதாக 2005இல் அறிவித்தார்கள். அங்கே ஒட்டினால் ஹார்மோன் உள்ளே போகாமலே சில செய்திகள் பாயும். புற்றுநோய் செல்களிலும் புது ரத்தக்குழாய் முளைப்பதிலும் இதன் பங்கை ஆராய்கிறார்கள். அன்றாட உடல் இயக்கத்தில் இதற்குக் கருவின் ஏற்பி அளவுக்கு எடை கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஏற்பியே பழுதானால்?

தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பு நிலை என்று பெயர். 1967இல் சாமுவேல் ரெஃபெட்டாஃப் முதலில் விவரித்தார். பெரும்பாலும் பீட்டா ஏற்பியில் பழுது இருக்கும். பிட்யூட்டரிக்கு ஹார்மோனின் குரல் சரியாகக் கேட்காது. அதனால் டி4 உயர்ந்திருந்தும் டிஎஸ்எச் இறங்காமல் நிற்கும். ஆல்ஃபா ஏற்பி நன்றாக இருப்பதால் இதயம் மட்டும் வேகமாக அடிக்கும். சாதாரண மிகைத் தைராய்டு என்று எண்ணிச் சுரப்பியை அகற்றிவிட்டால் தொல்லை இரட்டிப்பாகும்.

ரிப்போர்ட் பொய் சொல்லுமா?

சொல்லும், சில வேளை. முடி வளர்ச்சிக்கென்று அதிக அளவு பயோட்டின் என்ற வைட்டமினைச் சாப்பிடுகிறவர்களிடம் இது நடக்கிறது. பல பரிசோதனைக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் இறுகப் பிடித்துக்கொள்வதைப் பயன்படுத்தி அளவெடுக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் ததும்பினால் அந்தப் பிடி குலையும். டிஎஸ்எச் குறைவாகவும் எஃப்டி4 அதிகமாகவும் காட்டும், அப்படியே கிரேவ்ஸ் நோய் போல. உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. ரத்தம் கொடுக்கும் முன் பயோட்டின் எடுப்பதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுவது நல்லது.

பிணைப்பைக் குறிவைத்து மருந்து செய்ய முடியுமா?

செய்திருக்கிறார்கள். கல்லீரலில் கொழுப்பைக் கரைக்க பீட்டா ஏற்பியைத் தூண்டினால் போதும், ஆனால் டி3 கொடுத்தால் ஆல்ஃபாவும் விழித்து இதயத்தைப் படுத்தும். ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்து பீட்டாவின் பொந்துக்கே அதிகம் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது. கூடவே, கல்லீரல் செல்லின் கடத்திகள் அதைக் கையோடு உள்ளே இழுத்துக்கொள்வதால் மருந்து கல்லீரலிலேயே அதிகம் தேங்குகிறது. கொழுப்பேறி வீங்கித் தழும்பான கல்லீரலுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.